கோலார் மாவட்டம்: நிலமும் நீரும் மக்களும்

(பெங்களூர் ஈஜிபுராவில் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கர்நாடக மாநிலத்தின் தென்கிழக்குக் கோடியில், கிழக்கே ஆந்திரப் பிரதேசமும் தெற்கே தமிழ்நாடும் எல்லைகளாக அமைய, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டு நிலத்தில் பரந்து கிடப்பது கோலார் மாவட்டம். இதன் பரப்பு சுமார் 3,979 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி இங்கு வாழ்வோர் 15.36 லட்சம் பேர். 2007-இல் சிக்கபள்ளாபூர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படுவதற்கு முன்னர் இம்மாவட்டம் இப்போதுள்ளதைப்போல் இரு மடங்கு பெரிதாக, பதினொரு வட்டங்களைக் கொண்டிருந்தது. இன்று கோலார், மாலூர், பங்காருப்பேட்டை, முல்பாகல், சீனிவாசபுரம், தங்கவயல் ஆகிய ஆறு வட்டங்கள் உள்ளன. கடற்கரை இல்லை, ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறும் இல்லை. இந்த இரண்டாவது குறையே மாவட்டத்தின் பொருளாதார வரலாற்றைப் பெரும்பாலும் நிர்ணயித்திருக்கிறது.

எழுபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு மாவட்டத்தைப் பற்றி ஈஜிபுராவில் பேசுவானேன் என்ற வினா எழக்கூடும். ஈஜிபுரா அமைந்திருப்பது கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கில். இப்பகுதி வீடுகளின் கழிவுநீர் இயல்பாகச் சரிந்து செல்லும் திசை பெல்லந்தூர் ஏரி. அந்த ஏரியிலிருந்து வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணைக்குச் செல்வதே அதன் பழைய பாதை. 2018 முதல் அந்நீரின் ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டு, குழாய் வழியே கோலார் ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. ஆகவே ஈஜிபுராவின் அன்றாட வாழ்வும் கோலார் உழவரின் கிணறும் இன்று ஒரே கணக்கில் வருகின்றன. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள மாவட்டத்தின் நில அமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஏரிகளால் ஆன நாடு

கோலாரின் அடித்தளம் மிகப் பழமையான கடும்பாறை. அதன்மேல் படிந்திருக்கும் செம்மண் பல இடங்களில் ஆழமற்றது. பாறையின் பிளவுகளிலும் சிதைந்த மேற்பகுதியிலும் மட்டுமே நிலத்தடி நீர் தங்குகிறது. ஆற்றுப்படுகை மாவட்டங்களில் இருப்பதுபோன்ற ஆழ்ந்த மணற்படிவம் இங்கில்லை. மழையோ ஆண்டுக்குச் சராசரியாக 700 முதல் 750 மில்லிமீட்டர். அதுவும் ஒழுங்காகப் பெய்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் தன் ஈரத்தை இழந்துவிட்டு இங்கு வந்துசேர்கிறது. வடகிழக்குப் பருவமழை கடலோரத்தில் கொட்டிய பிறகு மிஞ்சியதைத் தருகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சில நாட்கள் கனமழை பெய்துவிட்டால் அது நல்ல ஆண்டு.

நந்திமலைச் சாரலையொட்டிய மேட்டிலிருந்து பாலாறு, தென்பெண்ணை, வடபெண்ணை ஆகிய மூன்றும் புறப்படுகின்றன. பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடுகிறது என்பர். 'ஓடுகிறது' என்ற சொல்லை மாவட்டத்தைப் பொறுத்தவரை இலக்கணத்திற்காகவே பயன்படுத்த வேண்டியுள்ளது. பிறக்கும் இடத்தில் ஆறு சிற்றோடைதான். அச்சிற்றோடையை ஒவ்வொரு சரிவிலும் கரைகட்டி நிறுத்தி, ஒன்றன் உபரி மற்றொன்றுக்குச் செல்லுமாறு ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்தது பண்டைய மக்களின் பொறியியல். பிரிவினைக்கு முந்தைய கோலார் மாவட்டத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்தன. கர்நாடகத்தில் ஏரிகளுக்குப் பெயர்பெற்ற மாவட்டம் இதுவே.

கங்கர்களின் தொடக்ககாலத் தலைநகரான குவளாலமே இன்றைய கோலார். பின்னர் நொளம்பர், சோழர், போசளர், விசயநகரத்தார் என ஆட்சிகள் மாறின. சோழராட்சியில் இப்பகுதி நிகரிலிச் சோழ மண்டலம் என்று பெயர் பெற்றது. கோலாரம்மா கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. ஆட்சிகள் மாறினாலும் ஒரு வழக்கம் மாறவில்லை. ஏரி வெட்டியவருக்கும், உடைந்த கரையைப் பழுதுபார்த்தவருக்கும், அந்த ஏரியின் பாசன நிலத்திலேயே மானியம் வழங்கப்பட்டது. கன்னடக் கல்வெட்டுகள் இதைக் கொடகை என்றும் பிட்டுவட்டம் என்றும் கூறும். தமிழ்க் கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி என்பது காணப்படும். பராமரிப்புச் செலவுக்கான நிதி ஆதாரம் அந்தப் பணியின் பயனோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருந்தது என்பதைப் பொருளியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். மதகைத் திறப்பதும் மூடுவதும், கடைமடை வரை நீரைப் பங்கிடுவதும் நீரகண்டி என்ற ஊர்ப் பணியாளரின் பொறுப்பு. தமிழ்நாட்டின் நீர்க்கட்டியைப் போன்றவர் அவர். அறுவடையில் அவருக்குத் தானியமாகப் பங்கு கிடைத்தது. அந்தப் பணியைச் செய்தவர்களில் மிகப் பலர் சொந்த நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பத்தினர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய ஏற்பாட்டைப் போற்றுவோர் இதை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

மக்கள்

இன்றும் மாவட்ட மக்கட்தொகையில் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் ஆதிதிராவிட வகுப்பினர். கர்நாடக மாநிலச் சராசரியைவிட இது மிகவும் அதிகம். ஆட்சிமொழி கன்னடமாயினும், கிழக்கு வட்டங்களின் பல சிற்றூர்களில் வீட்டுமொழி தெலுங்கு, தங்கவயலில் தமிழ், நகரங்களில் உருதும் பரவலாகப் பேசப்படுகிறது. மூன்று மொழிகளில் சந்தையில் பேரம் பேசத் தெரிந்தவர் இங்கு அபூர்வமல்லர். கன்னடச் சிறுகதையின் தந்தை எனப் போற்றப்படும் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் மாலூர் வட்டத்தைச் சேர்ந்தவர். வீட்டில் தமிழ் பேசிய குடும்பத்தில் பிறந்து, கன்னடத்திற்கு ஞானபீட விருதை ஈட்டித் தந்தார். ஹைதர் அலி பிறந்ததாகக் கருதப்படும் பூதிக்கோட்டையும் இம்மாவட்டத்திலேயே உள்ளது. எழுத்தறிவு 2011-இல் 74 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது.

தங்கமும் அதன் மிச்சமும்

கோலார் என்றவுடன் வெளியூரார் நினைப்பது தங்கத்தை. 1802-இல் ஜான் வாரன் என்ற படை அதிகாரி இங்கு தங்கம் இருப்பதை ஆராய்ந்து எழுதினார். 1873-இல் மைக்கேல் லாவெல் என்பவர் சுரங்க உரிமை கோரினார். 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்த பின்பே தொழில் நிலைபெற்றது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம், 1902-இல் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே முதலில் சென்றடைந்த இடம் தங்கவயலே. பெங்களூர் நகருக்கு அந்த மின்சாரம் கிடைக்க மேலும் மூன்றாண்டுகள் ஆயின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது.

அந்த ஆழத்திற்கு இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழர். அவர்களிலும் பெரும்பான்மையினர் நிலமற்ற ஆதிதிராவிடர். ஊரில் கிட்டாத ரொக்கக் கூலி இங்குக் கிட்டியது. அதற்கு ஈடாக அவர்கள் தந்தவை: பாறை வெடிப்பில் போன உயிர்கள், சிலிக்கா தூசியால் கெட்ட நுரையீரல். வரிசை வீடுகளில் குடியிருந்து, பள்ளிகளும் சங்கங்களும் வாசகசாலைகளும் அமைத்துக்கொண்டு, 1930-இல் தொழிலாளர் பதிவு முறையை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நடத்திய சமூகம் இது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தேசியமயமாக்கியது. 1962-இல் அவை மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. தாது மெலிந்து, ஒரு கிராம் தங்கம் எடுக்கும் செலவு அதன் விலையைத் தாண்டிய நிலையில் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தங்கம் ஏறத்தாழ 800 டன்.

எஞ்சியது என்ன? ஊரைச் சுற்றி வெளிறிய குன்றுகளாக நிற்கும் சயனைடு மணல் மேடுகள். 1964-இல் நிறுவப்பட்ட பெமல் தொழிற்சாலை. மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் இரயில்கள். சுரங்கத் தொழிலாளியின் மகனும் மகளும் இன்று அந்த இரயிலேறிப் பெங்களூரின் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சென்று, இரவில் திரும்புகின்றனர். பூமிக்கடியில் இருந்த செல்வம் தீர்ந்ததும் ஒரு நகரம் மற்றொரு நகரின் உறங்கும் புறநகராக மாறிய வரலாறு இது. பூமிக்கடியிலிருந்து எடுத்துத் தீர்க்கப்பட்ட செல்வம் தங்கம் ஒன்றுதானா என்ற வினாவை மாவட்டத்தின் மற்ற ஐந்து வட்டங்களும் எழுப்புகின்றன.

கிணறு ஏரியை வென்ற கதை

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்புவரை கோலார் உழவரின் பயிர்முறை எளியது. ஏரிக்குக் கீழே நெல்லும் கரும்பும். மேட்டு நிலத்தில் கேழ்வரகு, நிலக்கடலை, அவரை, துவரை. தோட்டக் கிணற்றடியில் மல்பெரியும் காய்கறியும். மின்சாரமும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின் இந்த ஒழுங்கு கலைந்தது. தன் நிலத்தில், தன் பொத்தானை அழுத்தினால் நீர் வரும் என்றானபின், ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து மடைமுறை பேச வேண்டிய தேவை வசதியுள்ள உழவருக்கு இல்லாமற்போயிற்று. ஏரியைத் தூர்வாரும் வேலைக்கு ஆள் வரவில்லை. நீரகண்டிக்குத் தானியம் அளப்பதும் நின்றது. வண்டல் சேர்ந்தது, வரத்துக் கால்வாய்கள் வயலாயின, சில ஏரிகள் பேருந்து நிலையமாகவும் வீட்டு மனையாகவும் உருமாறின. 1980-களில் சமூகக் காடு வளர்ப்பின் பெயரால் கேழ்வரகு நிலங்களிலும் பரம்போக்குகளிலும் பெருமளவில் பரவிய தைல மரம் மற்றொரு சுமை. நீர்வளத்துக்கு ஊறு செய்கிறதென்ற முறையீடுகளுக்குப் பிறகு, 2017-இல் மாநில அரசு புதிதாக அதை நடுவதற்குத் தடை விதித்தது.

ஆயினும் இந்தப் பம்புசெட்டு வேளாண்மை சாதித்ததைக் குறைத்து மதிப்பிடலாகாது. பெரிய அணை ஏதுமின்றிக் கோலார் உழவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் காய்கறி அனுப்பினர். கோலார் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தக்காளி வணிகத்தில் ஆசியாவின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. சீனிவாசபுரத்தின் மாம்பழம் நாடெங்கும் செல்கிறது. பட்டுப்புழு வளர்ப்பும் கறவை மாடும் சிறு உழவரின் குடும்பத்தைத் தாங்குகின்றன. 1970-களில் தொடங்கிய பால்பண்ணை வளர்ச்சித் திட்டத்தின் பயனாக ஊருக்கு ஊர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பயிர் பொய்த்த ஆண்டிலும் பால் பணம் தவறாமல் வருகிறது. அதைக் கையில் வாங்குவோரில் பெண்கள் கணிசம். பட்டு, பால், தக்காளி ஆகிய மூன்றையும் இம்மாவட்டத்தின் சிறு உழவர்களே தம் உழைப்பால் நிலைநாட்டினர். தக்காளியில் மட்டும் சூதாட்டத்தின் சாயல் உண்டு. 2023 ஜூலையில் 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டி விற்றது. வேறு பல பருவங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரத்தில் கொட்டப்பட்டிருக்கிறது.

இந்தச் சாதனையின் விலை நிலத்தடியில் செலுத்தப்பட்டது. திறந்தவெளிக் கிணறுகள் முதலில் வற்றின. பின்னர் முந்நூறு அடியில் கிடைத்த நீர் அறுநூறுக்குப் போயிற்று; இன்று ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்டு வெறும் பாறைத்தூளைக் கண்டு திரும்பியவர்கள் ஊர்தோறும் உண்டு. ஆழத்திலிருந்து வரும் நீரில் ஃபுளூரைடு மிகுதி. பத்துக் குதிரைத்திறன் வரையிலான பாசன மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசம் என்பதால், நீர் இறங்க இறங்க ஏறும் செலவின் ஒரு பகுதி உழவரின் கணக்கில் தெரிவதில்லை. மாநில அரசின் மானியக் கணக்கில் தெரிகிறது. ஒரு கிணற்றின் வெற்றி பக்கத்துக் கிணற்றின் தோல்வியாகும்போது, கடன் வாங்கும் வலிமை யாருக்கு அதிகமோ அவருக்கே நீர் என்ற நிலை உருவாகிறது. பொதுச் சொத்தாக இருந்த ஏரி நீர் இவ்வாறு ஓசையின்றித் தனிச்சொத்தாயிற்று. ஏரிப் பாசனத்தில் கடைமடை ஏழைக்கு ஒரு முறை உரிமை இருந்தது. ஆழ்துளைக் கிணற்றில் அவருக்கு அதுவும் இல்லை.

பெங்களூரிலிருந்து வரும் நீர்

இந்த நெருக்கடியின் விளைவாகப் பிறந்ததே கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம். பெங்களூரின் கழிவுநீரை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வீதம் கோலார் பகுதியின் 126 ஏரிகளில் நிரப்புவது குறிக்கோள். 2018 ஜூனில் கோலார் வட்டத்து லட்சுமிசாகர ஏரிக்கு முதல் நீர் வந்தது. அடுத்த மாதமே நுரை பொங்கி வந்ததைக் கண்டு மக்கள் அஞ்சினர். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துப் பின்னர் அனுமதித்தது; 2019 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றமும் தடை விதித்துச் சில மாதங்களில் அதை விலக்கியது. இந்நீரை நேரடியாகப் பாசனத்துக்கு இறைக்கக் கூடாது, நிலத்தடியில் ஊறவே விட வேண்டும் என்பது விதி.

பயன் தெரிகிறது. நிரம்பிய ஏரிகளையொட்டிய கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. கைவிடப்பட்ட துளைகள் சில உயிர்பெற்றன. மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பின்றி இந்நீரை ஆண்டுக்கணக்கில் நிலத்துக்குள் செலுத்தினால் ஆழ்நீரின் தன்மை என்னவாகும் என்ற அச்சமும் நியாயமானதே. கோலாரில் குடிநீருக்கும் அதே நிலத்தடி நீரே ஆதாரம். கழிவுநீர் தரும் நகரம் சுத்திகரிப்புச் செலவில் சிக்கனம் காட்டினால், அந்தச் சிக்கனத்தின் சுமை நீரைப் பெறும் சிற்றூரின் மருத்துவச் செலவாக மாறக்கூடும். தென்பெண்ணைக்கு உரிய பள்ளத்தாக்கின் நீர் பாலாற்றுப் பள்ளத்தாக்குக்கு மாற்றப்படுகிறது என்பதையும் மாணவர்கள் வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்விரு ஆறுகளும் சென்னை, மைசூர் அரசுகளிடையே 1892-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் பட்டியலில் இடம்பெற்றவை. பங்காருப்பேட்டை வட்டத்து யர்கோளில், தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் குடிநீருக்கென அணை கட்டப்பட்டபோது தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. 2019 நவம்பரில் இடைக்கால மனு தள்ளுபடியாயிற்று.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து 24 டி.எம்.சி. நீரைக் கிழக்கே கொணரும் எத்தினஹொளே திட்டத்திற்கு 2014-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2024 செப்டம்பரில் அதன் முதற்கட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அது பல மாவட்டங்களுக்குப் பொதுவானது. கோலார் வரிசையின் கடைசியில் நிற்கிறது.

இங்கு ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பெங்களூரிலிருந்து நாளுக்கு 44 கோடி லிட்டர் தவறாது வந்தாலும் ஆண்டுக்கு ஐந்தரை டி.எம்.சி.க்குச் சற்று அதிகம், அவ்வளவே. மாவட்டத்தின் பரப்பை 700 மில்லிமீட்டர் மழையால் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 100 டி.எம்.சி. இதில் பெரும்பகுதி ஆவியாகும், பயிரும் புல்லும் குடிக்கும். ஏரிக்கு வரக்கூடியது ஒரு சிறு பங்குதான். அச்சிறு பங்கில் சில டி.எம்.சி. கூடுதலாகத் தங்கினாலும் அது குழாய் நீருக்கு ஈடாகும். அதை மேட்டுக்கு ஏற்ற மின்சாரமும் தேவைப்படாது. குழாய்த் திட்டங்களுக்கு ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்கீடு கிடைக்கிறது. வரத்துக் கால்வாயின் ஆக்கிரமிப்பை அகற்றவோ, ஒரு வட்டாட்சியரும் ஒரு நில அளவையரும் அதற்கான துணிவும் போதும். ஒதுக்கீடு பெரிதாக வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ அது பின்தங்குகிறது.

நரசாபுரம், வேம்கல், மாலூர் பகுதிகளில் தொழிற்பேட்டைகள் வளர்ந்துள்ளன. நரசாபுரத்தில் 2013-இல் ஹோண்டாவின் இருசக்கர வாகன ஆலை தொடங்கியது. கைபேசி உற்பத்தி ஆலை ஒன்று 2023-இல் டாடா குழுமத்தின் கைக்கு மாறியது. மாலூரின் பழைய ஓட்டுத் தொழில் மங்கி வருகிறது. புதிய ஆலைகளில் சிற்றூர்ப் பெண்கள் பெருமளவில் வேலை பெறுகின்றனர் என்பது வரவேற்கத்தக்கது. இவ்வாலைகளுக்கும் நீர் வேண்டும்; நிலத்தின் விலையை அவை உயர்த்தியதால் ஏரிகளின் விளிம்புகள் மேலும் நெருக்கப்படுகின்றன.

2021 அக்டோபர், நவம்பரில் கோலாரில் பெருமழை பெய்தது. பல்லாண்டுகளாக வறண்டிருந்த ஏரிகள் நிரம்பிக் கோடி வழிந்தன. மக்கள் ஏரிக்கரைகளில் பூசை செய்தனர். தூர்ந்து சுருங்கிய ஏரிகளில் தங்க முடியாத நீர் வயல்களிலும் சாலைகளிலும் புகுந்து, தக்காளியையும் கேழ்வரகையும் அழித்தது. மிஞ்சியது பாலாற்றில் இறங்கி, அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் கடந்து, வேலூர் மாவட்டத்தில் வெள்ளமாயிற்று. அத்தகைய வெள்ளத்தை அங்குள்ளோர் 1903-க்குப் பிறகு கண்டதில்லை. அந்த 1903-இல் வாணியம்பாடி மூழ்கியதும் மைசூர் நாட்டு ஏரிகள் உடைந்ததால்தான். பேத்தமங்கலம் ஏரி அதன் பின்னர் செப்பனிடப்பட்டு, தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது. 2021-இல் நிரம்பிய ஏரிகளைச் சுற்றி அடுத்த கோடையில் எத்தனை புதிய துளைகள் இடப்பட்டன என்பதை வட்ட வாரியாகக் கணக்கெடுத்து, அதை ஏரியின் கொள்ளளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, இங்கிருக்கும் மாணவர்களில் எவரேனும் எடுத்துக்கொள்ளத்தக்க ஆய்வுப் பொருள்.